அமெரிக்கச் செல்வாக்கும் நாட்டுப் பெருமிதமும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

ஒரு நாட்டின் உணவு, உடை, திரைப்படம், வணிகம், கல்வி ஆகியவற்றில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொருள்களும் பழக்கங்களும் இடம்பிடிப்பதை அமெரிக்கமயமாதல் என்கிறோம். அதற்கு எதிராக, 'இது எங்கள் மண்ணின் பொருள், இதை விடமாட்டோம்' என்று எழும் உணர்வு நாட்டுப் பெருமிதத்தின் ஒரு வடிவம். இவற்றைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பாரிஸையோ டோக்கியோவையோ எடுத்துக்காட்டுவார்கள். விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அதே அளவுக்குப் பாடம் சொல்லும் ஊர்கள். மதுரை–கொல்லம் சாலையில் இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் பெயர் வாங்கித் தந்தன. ராஜபாளையத்துக்கு நூற்பாலைகளும் வெள்ளை நிற வேட்டை நாயும்.

இந்த வட்டாரத்தின் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. 'அமெரிக்கா' என்ற பெயர் வெளியே தெரிந்த இடங்களில் கோபமோ மதிப்போ கிளம்பியிருக்கிறது. பெயர் தெரியாத இடங்களில், குறிப்பாக வயலிலும் ஆலையிலும், அமெரிக்காவிலிருந்து வந்தது சத்தமில்லாமல் ஊர்ப் பொருளாகவே ஆகிவிட்டது.

சொல்லின் பின்னணி

உலகம் அமெரிக்கமயமாகிறது என்ற பேச்சு புதிதல்ல. ஆங்கிலேய இதழாளர் டபிள்யூ.டி. ஸ்டெட் 1901இலேயே அந்தப் பொருளில் ஒரு நூல் எழுதிவிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில் கோக்கா கோலாவை அனுமதிக்கலாமா என்று நாடாளுமன்றம் வரை வாதம் நடந்தது. 'கோக்கா கோலா', 'காலனியாக்கம்' என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி அங்கே ஒரு கேலிச் சொல்லே பிறந்தது. படைபலம் இல்லாமல் திரைப்படம், பல்கலைக்கழகம், வணிகப் பெயர் ஆகியவற்றால் பிறரை ஈர்க்கும் ஆற்றலை அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை 1990இல் 'மென் அதிகாரம்' என்று அழைத்தார். தமிழ்நாட்டிலும் இந்தச் சண்டை வெளிப்படையாக வெடித்தது ஒரு குளிர்பானத்தின் மீதுதான்.

கலரும் கோக்கும்

தென்மாவட்டங்களில் குளிர்பானத்துக்குக் 'கலர்' என்று பெயர். விருந்தாளி வந்தால் கடைக்கு ஆள் அனுப்பி வாங்கி வருவது கலர்தான். அது எந்த நிறுவனத்துடையது என்று யாரும் கேட்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் விருதுநகரில் 1916இல் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனம், வெள்ளையர் ஆட்சிக் காலத்திலேயே சோடாவும் கலரும் விற்றது. அதன் பொவன்டோ 1950களின் இறுதியில் வந்தது. கோலாவைப் போன்ற கருநிறமும் திராட்சைச் சாயலும் கொண்ட பானம் அது.

கோக்கா கோலா 1950இல் இந்தியாவுக்கு வந்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டியிருந்தது. ஜனதா ஆட்சியில் தொழில்துறை அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் அதை வற்புறுத்தியபோது, தயாரிப்பு ரகசியத்தைப் பகிர மறுத்த நிறுவனம் 1977இல் வெளியேறியது. அதே ஆண்டில் பார்லே நிறுவனத்தின் தம்ஸ் அப் வந்தது. அரசும் தன் பங்குக்கு 'டபுள் செவன்' என்ற பானத்தைக் கொண்டுவந்தது. 77 என்ற ஆண்டையே பெயராகச் சூட்டிய அந்தப் பானம் நிலைக்கவில்லை. பெருமிதம் பெயரில் இருந்தால் மட்டும் போதாது, குடிக்கவும் நன்றாக இருக்க வேண்டும் போலும்.

பெப்சி 1990இல் 'லெஹர்' என்ற இந்தி முன்னொட்டோடு கடைக்கு வந்தது. 1993இல் திரும்பி வந்த கோக்கா கோலா, வந்த வேகத்தில் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகிய பெயர்களைப் பார்லேயிடமிருந்து வாங்கிவிட்டது. இன்றும் தம்ஸ் அப்பை இந்தியப் பானம் என்று நினைத்துக் குடிப்பவர்கள் உண்டு. எதிர்ப்பக்கத்திலும் இதே குழப்பம் இருக்கிறது. நாட்டுப் பானத்தின் அடையாளமாகச் சுவரொட்டிகளில் வரையப்படும் கோலி சோடா பாட்டிலை 1870களில் கண்டுபிடித்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் மெரினாவிலும் மதுரையிலும் பிற ஊர்களிலும் திரண்டபோது கோபத்தின் இலக்கு பெட்டா அமைப்பு. 1980இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இந்தியக் கிளை மும்பையில் இயங்குகிறது. ஆனால் வழக்கின் வரலாறு கொஞ்சம் சிக்கலானது. ஜல்லிக்கட்டுக்கு எதிரான முதல் நீதிமன்ற ஆணை 2006இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு வந்த ஒரு மனுவின் மீது பிறந்தது. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டைத் தடைசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் தலைப்பிலேயே மனுதாரர் யார் என்று இருக்கிறது: இந்திய விலங்குகள் நல வாரியம். அது இந்திய அரசின் சட்டப்படி அமைந்த அமைப்பு. பெட்டாவும் வழக்கில் இருந்தது, வலுவாகவே வாதிட்டது. போராட்டப் பதாகைகளில் வாரியத்தின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது, பெட்டாவின் பெயர் எங்கும் இருந்தது. நாட்டு மாடுகளை ஒழித்து ஜெர்சி மாட்டைத் திணிக்கும் அமெரிக்கச் சதி என்ற பேச்சும் அப்போது பரவியது. ஜெர்சி என்பது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலில் உள்ள ஒரு தீவு. மாட்டின் தாயகம் அதுதான். நாட்டு இனங்கள் குறைவது குறித்த கவலை நியாயமானது. அந்தக் கவலையில், 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயும் மீண்டும் பேச்சுக்கு வந்தது.

அந்த அலையின் தொடர்ச்சியாக, 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டின் பெரிய வணிகர் அமைப்புகள் இரண்டும் அறிவித்தன. இதற்குத் தனி நியாயமும் இருந்தது. வறட்சி ஆண்டு அது. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போவதற்கு 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்திருந்தது. புறக்கணிப்பு தொடங்கிய மறுநாளே, மார்ச் 2 அன்று, அந்தத் தடை நீங்கியது. பொவன்டோவுக்குக் கிராக்கி கூடியது. ஆனால் மாதங்கள் போகப்போக அமெரிக்கப் பானங்கள் கடைக்குத் திரும்பின. சிறு கடைக்காரரின் நிலையில் நின்று பார்த்தால் காரணம் புரியும். கடை முகப்பில் நிற்கும் கண்ணாடிக் கதவு வைத்த பிரிட்ஜைப் பல இடங்களில் குளிர்பான நிறுவனமே கொடுக்கிறது, அதில் தன் பாட்டில்களை வைக்கும் நிபந்தனையோடு. அந்தப் பெட்டியில்தான் பாலும் தயிரும் கூட இடம்பிடிக்கின்றன. பதாகை பிடித்தவர் வீட்டுக்குப் போய்விடலாம், கடைக்காரர் அந்தப் பெட்டியோடுதான் பிழைக்க வேண்டும்.

வயலுக்கு வந்த அமெரிக்கா

இதே வட்டாரத்தில் குளிர்பானத்தைவிடப் பல மடங்கு ஆழமான மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. அதற்கு எதிராக ஒரு ஊர்வலமும் போனதில்லை.

உலகில் பயிரிடப்படும் பருத்தி இனங்கள் நான்கு. இரண்டு ஆசிய, ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கு உரியவை. இரண்டு அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. தென்மாவட்டக் கரிசலில் வானம் பார்த்து விளைந்த கருங்கண்ணியும் உப்பமும் முதல் வகையைச் சேர்ந்தவை. கருங்கண்ணி வறட்சி தாங்கும், பூச்சியைத் தாங்கும், உரம் அதிகம் கேட்காது. அடுத்த ஆண்டுக்கு வேண்டிய விதையை விவசாயியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். இழை குட்டை என்பதுதான் அதன் குறை. கைராட்டையில் நூற்க அது குறையே அல்ல. வேகமாகச் சுற்றும் ஆலைக் கதிருக்குத்தான் நீள இழை தேவைப்பட்டது.

இங்கிலாந்தின் ஆலைகளுக்காக இந்தியாவில் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்கும் முயற்சி 1840களிலேயே தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து தோட்டக்காரர்களையே அழைத்துவந்தது. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842 முதல் கோயம்புத்தூரில் இந்தச் சோதனைகளைக் கவனித்தார். பெரிய வெற்றி கிட்டவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அங்கிருந்து பஞ்சு வருவது நின்றுபோக, திருநெல்வேலிச் சீமையின் பஞ்சுக்கு விலை ஏறியது. அந்தக் காலத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. மிசிசிப்பியில் நடந்த போர் கரிசல் காட்டு விலையை மாற்றியது என்று இப்போது சொன்னால் கதை போலிருக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாவிலிருந்து ஒரு பருத்தி விதை சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஊரார் அதைக் 'கம்போடியா' என்றே அழைத்தார்கள். உண்மையில் அது அமெரிக்க இனம்; சுற்றுவழியில் வந்ததால் பெயர் மாறிவிட்டது. இறவைப் பாசனத்தில் நன்றாக விளைந்தது, நீள இழை தந்தது. அதன் வழியில் பிறந்த ரகங்களுக்கு எம்.சி.யு. என்று பெயர் வைத்தார்கள். மதராஸ், கம்போடியா, உகாண்டா என்பதன் சுருக்கம் அது. மூன்று இடங்களின் பெயர் இருக்கிறது, அமெரிக்காவின் பெயர் மட்டும் இல்லை.

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் ராம்கோ குழுமமாக வளர்ந்தது அதுதான். அந்நியத் துணியை எரித்த தலைமுறை, சொந்த ஊரிலேயே நூல் நூற்பதைப் பெருமையாகக் கருதியது. அதில் தவறில்லை. சென்னை மாகாணத்தின் பிரதமராகவும் பின்னர் முதலமைச்சராகவும் 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவும் இதே ஊர்க்காரர், காந்தியர். ஆலைகளோடு சேர்ந்து இந்த வட்டாரத்தில் ஜின்னிங் தொழில் பரவியது. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் வேலைக்கு நாம் சொல்லும் 'ஜின்னிங்' என்ற சொல் ஆங்கிலம். இந்திய ஜின்னிங் ஆலைகளில் ஓடும் உருளை இயந்திரத்தின் மூதாதை, 1840இல் அலபாமாவில் போன்ஸ் மெக்கார்த்தி உருவாக்கியது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவமனைக் கட்டுத்துணி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. பண்டம் ஒரே திசையில் மட்டும் போவதில்லை என்பதற்கு அது சாட்சி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது 1990களில் வெளியிட்ட எஸ்.வி.பி.ஆர். 2 என்ற ரகம் விவசாயிகளிடம் நன்கு அறிமுகமானது. எஸ்.வி.பி.ஆர். என்பது ஸ்ரீவில்லிபுத்தூரின் சுருக்கம். தாவர இனத்தால் அது அமெரிக்கப் பருத்தி. ஆண்டாளின் ஊர்ப்பெயரைச் சூடிக்கொண்டு அது இந்த மண்ணின் பயிராகிவிட்டது. இதை இழப்பு என்று மட்டும் சொல்ல முடியாது. நம் விஞ்ஞானிகள் நம் நிலத்துக்கு ஏற்றபடி உருவாக்கிய ரகம், விவசாயி விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ரகம்.

அடுத்து வந்தது வேறு மாதிரி. 2002 மார்ச்சில் இந்திய அரசு பி.டி. பருத்திக்கு ஒப்புதல் தந்தது. காய்ப்புழுவைத் தாக்கும் மரபணுத் தொழில்நுட்பம் அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்துடையது. இந்தியாவின் மகிகோவோடு கூட்டுச் சேர்ந்து விற்றது. பத்தாண்டுகளுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பி.டி. ஆகிவிட்டது. தொடக்கத்தில் மருந்துச் செலவு குறைந்தது, விளைச்சல் கூடியது. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டது. இந்தியாவில் அது வீரிய ஒட்டு விதையாகவே விற்கப்பட்டதால், எடுத்து வைத்த விதையை அடுத்த ஆண்டு விதைத்தால் பழைய விளைச்சல் வராது. ஒவ்வொரு பருவத்துக்கும் பாக்கெட் வாங்கியாக வேண்டும். நாடு விடுதலை பெற்றபோது இந்தியப் பருத்திப் பரப்பில் சுமார் 97 விழுக்காடு நாட்டு இனங்களாக இருந்தன. இன்று அவை மிகச் சிறு பங்கு. ஒரு வட்டாரத்தின் தற்சார்பைக் கணக்கிட வேண்டுமானால், கடையில் எந்தப் பாட்டில் இருக்கிறது என்பதைவிட, விதைக் குதிரில் என்ன இருக்கிறது என்பதே பெரிய கேள்வி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இதைச் சதி என்று சொல்லிக் கடந்துவிடவும் முடியாது. ஆலை நீள இழை கேட்டது, அரசு ஒப்புதல் தந்தது, விவசாயி கணக்குப் பார்த்து வாங்கினார்.

பள்ளிக்கூடத்து உணவிலும் இப்படி ஒரு மறந்துபோன அத்தியாயம் உண்டு. விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956இல் விரிவாக்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு, 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடர் உள்ளிட்ட உணவுப் பொருள்களை வழங்கியது. அந்தத் தலைமுறையின் நினைவில் அது 'பள்ளிக்கூடத்துப் பால்' மட்டுமே. மதுரையின் அமெரிக்கன் கல்லூரி பெயரிலேயே அமெரிக்காவைச் சுமக்கிறது. அங்கே படித்தவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களே தவிர, அந்நியமாக நினைப்பதில்லை.

2018: ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்

இந்த இரண்டு ஊர்களையும் நேராக இணைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் தினமணி நாளிதழ் நடத்திய விழாவில் கவிஞர் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' என்ற கட்டுரையை வாசித்தார். ஆண்டாளின் தமிழைப் போற்றிய அந்தக் கட்டுரையில், அவர் பிறப்பு பற்றிய ஒரு குறிப்பை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். அந்த வரி ஸ்ரீவில்லிபுத்தூரைக் கொதிக்க வைத்தது. ஊர்வலங்கள், காவல்துறையில் புகார்கள், ஜீயரின் உண்ணாநோன்பு என்று வாரக்கணக்கில் நீண்டது. வைரமுத்து வருத்தம் தெரிவித்தார். நாளிதழின் ஆசிரியர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து ஆண்டாள் சந்நிதியில் வருத்தம் தெரிவித்தார்.

சரியா தவறா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த நூலை வெளியிட்டது அமெரிக்கப் பல்கலைக்கழகம் அல்ல. சிம்லாவில் உள்ள இந்திய உயர் ஆய்வு நிறுவனம் 1978இல் வெளியிட்டது. பதிப்பாசிரியர் சுபாஷ் சந்திர மாலிக். குறிப்பிட்ட கட்டுரையை எழுதியவர்கள் கேரள வரலாற்றாசிரியர்களான எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும். இண்டியானா பல்கலைக்கழக நூலகத்தின் பிரதி இணையத்தில் மின்வடிவில் இருந்ததால் இந்தக் குழப்பம் நேர்ந்தது என்று அப்போதே சுட்டிக்காட்டப்பட்டது. கேரளத்து அறிஞர்கள் எழுதி, சிம்லாவில் அச்சான ஒரு கருத்து, 'அமெரிக்கா' என்ற முத்திரையோடு வந்தபோது சொன்னவர் பக்கம் ஆய்வின் கனத்தைப் பெற்றது. கேட்டவர் பக்கமும் 'அமெரிக்காக்காரனுக்கு ஆண்டாளைப் பற்றி என்ன தெரியும்' என்ற கேள்வி எழ அதே முத்திரை இடம் தந்தது. மாணவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது: நூலின் முன்பக்கத்தைத் திறந்து, வெளியிட்டவர் யார் என்று பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுவது.

பால்கோவாவும் புவிசார் குறியீடும்

பெருமிதம் சட்ட வடிவம் பெற்ற கதையிலும் அமெரிக்கா இருக்கிறது. காயத்துக்கு மஞ்சள் பூசும் வழக்கத்துக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது. இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதிட்டு 1997இல் அதை நீக்க வைத்தது. அதே 1997இல் டெக்சாஸின் ரைஸ்டெக் நிறுவனம் பாசுமதி சார்ந்த அரிசிக்குக் காப்புரிமை பெற்றது. இந்தியா தலையிட்ட பின் முக்கியமான உரிமைக் கோரல்கள் கைவிடப்பட்டன. சொந்த நாட்டில் பாதுகாப்பில்லாத பெயரை வெளிநாட்டில் காப்பாற்றுவது கடினம் என்று அப்போது புரிந்தது. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையும் அப்படியொரு சட்டத்தைக் கேட்டது. 1999இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில் அமைந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து, அடுப்பில் விடாமல் கிண்டி இறக்கும் பண்டம் அது. அந்தப் பாலும் இன்று பெரும்பாலும் கலப்பினப் பசுக்களுடையதாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் கறக்கும் பாலின் நிலை அது. குறியீடு காப்பது பசுவின் இனத்தை அல்ல, ஊரின் பெயரையும் செய்முறையையும்.

பிரெஞ்சுக்காரர் சீஸுக்கும் ஒயினுக்கும் ஊர்ப்பெயர் உரிமை கேட்கும்போது அமெரிக்கா அதை விரும்புவதில்லை. வணிகக்குறி போதும் என்பது அதன் நிலை. வணிகக்குறியை விற்கலாம், வாங்கலாம். தம்ஸ் அப் கைமாறியது அப்படித்தான். புவிசார் குறியீட்டை விற்க முடியாது. அந்த ஊரில் செய்பவர் எல்லாருக்கும் அது பொது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்ற பெயரைப் போட்டி போட்டுப் பயன்படுத்துவது இன்றைக்கு எந்த அமெரிக்க நிறுவனமும் அல்ல. வேறு ஊர்ப் பேருந்து நிலையங்களில் அதே பெயர் அச்சடித்த அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வாங்குபவர் பெட்டியைத் திருப்பி, எந்த ஊரில் செய்தது என்று படிக்கிறாரா என்பதைப் பொறுத்தே அந்தக் குறியீட்டுக்கு மதிப்பு.